தலைக்கு எவ்வளவு?

“அக்கா, நான் சேல்ஸ் லைன்ல இருக்கேன். நல்ல குரூப் ஏதும் இருந்தா சொல்லுங்க, சேர்ந்துக்கிறேன்.”

பாட்டு விரும்பிக் கேட்பதற்காக வைத்திருக்கும் புலன எண்ணுக்கு மாதத்தில் நாலைந்து முறை இப்படி ஒரு குரல் பதிவு வந்துவிடுகிறது. ஈப்போ, செம்மோர், சுங்கை சிப்புட், பாகான் செராய், தெலுக் இந்தான் என்று ஊர்தான் மாறும். ஒருவர் காப்புறுதி முகவர். ஒருவர் கார் ஷோரூமில். ஒரு தங்கை தண்ணீர் வடிகட்டும் கருவி விற்கிறார். செம்பனைத் தோட்டங்களுக்கு உரம் விற்கும் ஒரு தம்பி, “எங்க தாத்தா பெரட்டுக்கு நின்ன அதே தோட்டத்து ஆபீஸ்லதான் இப்ப நான் ஆர்டர் எடுக்கிறேன்” என்றார். எல்லாருக்கும் இருபத்து மூன்று, இருபத்தைந்து வயது. வேலையில் சேர்ந்து ஓராண்டு தாண்டாதவர்கள்.

பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் நடுவே கிடைக்கும் நாற்பது வினாடியில் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் இந்த வாரப் பக்கம் அவர்களுக்கு. பெற்றோரும் படிக்கலாம். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில், இந்தக் கேள்வி ஏன் விற்பனைக்காரர்களிடமிருந்தே வருகிறது? தாதியருக்கு வார்டு இருக்கிறது. ஆசிரியருக்கு ஆசிரியர் அறை இருக்கிறது. தொழிற்சாலையில் ஒரு ஷிப்டுக்கு முப்பது பேர். நம் பாட்டிமார் பால் வெட்டப் போன காலத்தில்கூட விடியற்காலைப் பெரட்டில் எல்லாரும் ஒன்றாக நின்றார்கள். யாருக்குக் காய்ச்சல், யார் நிரையில் பால் குறைகிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும். விற்பனைக்காரருக்கு ஒரு மைவி, ஒரு கைப்பேசி, அவ்வளவுதான். “யோசிச்சுச் சொல்றேன்” என்று வாடிக்கையாளர் சொன்னால் என்ன அர்த்தம், மூன்றாம் முறை கூப்பிடலாமா, காப்புறுதி எடுத்தவர் 15 நாளுக்குள் வேண்டாம் என்று பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் வாங்கிய கமிஷன் என்ன ஆகும் என்றெல்லாம் பக்கத்து மேசையில் கேட்க அவருக்குப் பக்கத்து மேசையே கிடையாது. மேலாளரிடம் கேட்கலாம்தான். ஆனால் பல இடங்களில் மேலாளருடைய வருமானத்தில் ஒரு பகுதி இவருடைய விற்பனையில் இருக்கிறது. “எனக்கு இந்த வேலை ஒத்து வருமா?” என்று அவரிடம் எப்படிக் கேட்பது?

அந்த இடத்தை நிரப்பத்தான் இணையக் குழுக்கள் வருகின்றன. முகநூலில் ஒன்று, டெலிகிராமில் ஒன்று, புலனத்தில் ஏழெட்டு. எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். புலனக் குழு ஒன்றில் 1,024 பேர் வரை சேர்க்கலாம், டெலிகிராமில் 200,000 பேர் வரை. பெரிய கொட்டகை போடுவது இப்போது செலவில்லாத காரியம்.

நான் ஊடகத்துறை படித்தபோது முதல் ஆண்டிலேயே ஒரு கேள்வியைக் கேட்கப் பழக்கினார்கள்: இதற்கு யார் காசு கொடுக்கிறார்? என் நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் காசு கொடுக்காமல் கேட்கிறீர்கள். காசு கொடுப்பவர் விளம்பரதாரர், அவர் வாங்குவது உங்கள் காதை. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, தெரிந்துகொண்டு கேட்டால் சரி. ஒரு தொழிற்குழுவில் சேரும் முன்பும் இதே கேள்வியைக் கேட்கலாம். நான் உள்ளே வந்தால் யாருக்குக் காசு? தலைக்கு எவ்வளவு?

தலைக்கு எவ்வளவு என்ற கணக்கு நமக்குப் பழக்கமானதுதான். நம்மில் பல குடும்பங்கள் இந்த நாட்டுக்கு வந்ததே அந்தக் கணக்கில்தான். தோட்டத் துரை, தனக்கு நம்பிக்கையான ஒரு தொழிலாளியை உரிமமும் முன்பணமும் கொடுத்து அவருடைய சொந்தக் கிராமத்துக்கே அனுப்புவார். அவர்தான் கங்காணி. தெரியாத ஊருக்குப் போக மாட்டார். தன் ஊர், தன் உறவு, தன் சாதிசனம். நல்ல வேட்டியோடும் கையில் காசோடும் வந்து நிற்கும் மாமனைப் பார்த்தால் மருமகனுக்கு வேறு விளம்பரம் எதற்கு? கூட்டி வந்த ஆளுக்கு இவ்வளவு என்று கங்காணிக்குக் காசு. வந்த பிறகும், அவருடைய ஆட்களில் எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ அத்தனை தலைக்கு இத்தனை காசு என்று தனிக் கணக்கு. 1938-இல் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதைத் தடை செய்யும்வரை இந்த ஏற்பாடு ஓடியது.

கங்காணிகள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. கூட வந்தவர்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தவர்களும் கோயில் எடுத்துக் கட்டியவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஆனால் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வருவது கஷ்டம்: “இந்த வேலை உனக்கு வேண்டாம், ஊருக்குத் திரும்பிப் போ.” அவருடைய கூலியே அதற்கு எதிராக இருந்தது.

இப்போது உங்கள் கைப்பேசியைத் திறந்து, நீங்கள் இருக்கும் விற்பனைக் குழுவைப் பாருங்கள். அங்கே உங்களிடம் “இந்த வேலை உனக்கு வேண்டாம்” என்று சொல்லக்கூடியவர் ஒருவராவது இருக்கிறாரா? நீங்கள் விலகினால் ஒரு சென்னும் நஷ்டப்படாதவர் ஒருவராவது இருக்கிறாரா? நான் குழுக்களைப் பார்க்கும்போது முதலில் இதைத்தான் தேடுகிறேன்.

அப்லைன், டவுன்லைன் என்ற சொற்கள் வந்துவிட்டாலே மோசடி என்று ஒதுக்குவதும் சரியில்லை. நேரடி விற்பனை இந்த நாட்டில் சட்டப்படியான தொழில். 1993-ஆம் ஆண்டின் நேரடி விற்பனை மற்றும் பிரமிட் எதிர்ப்புத் திட்டச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. உள்நாட்டு வாணிப அமைச்சின் உரிமம் வேண்டும், ஏ.ஜே.எல். என்று தொடங்கும் எண் இருக்க வேண்டும், அமைச்சின் இணையப் பக்கத்தில் அதைச் சரிபார்க்கலாம். பொருளை விற்று வரும் காசு வேறு, ஆளைச் சேர்த்து மட்டும் வரும் காசு வேறு என்று சட்டம் பிரித்துப் பார்க்கிறது. ஒரு குழுவில் ஒரு வாரம் உட்கார்ந்தால் அந்த வித்தியாசம் உங்களுக்கே தெரிந்துவிடும். பொருளைப் பற்றிப் பேசுகிறார்களா, ஆளைப் பற்றிப் பேசுகிறார்களா என்று கவனியுங்கள்.

நூறு பேர் பட்டியலைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதிதாகச் சேர்பவரிடம் முதல் வீட்டுப்பாடமாக, தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதச் சொல்வது பல விற்பனைத் துறைகளில் வழக்கம். முறையான நிறுவனங்களும் செய்கின்றன. பட்டியல் எழுதுவதில் தப்பில்லை. ஆனால் பட்டியல் தீர்ந்த பிறகு என்ன செய்வது என்று அந்தக் குழு சொல்லித் தருகிறதா என்று பாருங்கள். தோட்டத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்களுக்கு நிலமும் கிடையாது, பெரிய சேமிப்பும் கிடையாது. லயத்தில் பக்கத்து வீட்டுக்காரர், ஒன்றாகக் கோயில் திருவிழா நடத்தியவர், மலிவு வீட்டு அடுக்குமாடிக்கு மாறிய பிறகும் நல்லது கெட்டதற்கு வந்து நிற்பவர் என்ற உறவுதான் நம் சொத்து. நூறு பெயரையும் மூன்று மாதத்தில் கூப்பிட்டு முடித்துவிட்டால், நாலாவது மாதம் கல்யாண வீட்டில் இந்தப் பையனைக் கண்டதும் சித்தப்பா வாழை இலையோடு வேறு மேசைக்கு நகர்வார். கங்காணி செலவழித்ததும் இதே முதலைத்தான். அவருக்குக் கிராமம் இருந்தது, நமக்குப் புலனத் தொடர்புப் பட்டியல்.

பெற்றோரைப் படிக்கச் சொன்னது இதற்காகத்தான். பட்டியலில் முதல் பெயர் உங்களுடையது. ‘ஸ்டார்ட்டர் பேக்’ வாங்கவோ தகுதி நிலையைத் தக்கவைக்கவோ பிள்ளை காசு கேட்டால், திட்டுவதற்கு முன்னால் உரிம எண்ணைக் கேளுங்கள். வீடு தேடி வந்து விற்ற பொருளாக இருந்தால், ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள 10 வேலை நாள் அவகாசத்தை அதே சட்டம் தருகிறது. காசு மோசடிக் கணக்குக்குப் போய்விட்டது என்று சந்தேகம் வந்தால் உடனே 997-க்குக் கூப்பிடுங்கள், மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

ஆட்களை ஒன்று சேர்க்கக் கங்காணி வழி மட்டும்தான் இருந்தது என்றில்லை. இன்னொரு வழியும் பேரா மாநிலத்துக்காரர் ஒருவரிடமிருந்தே வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். துண்டாடல் என்ற அந்தச் சொல்லை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். வேலையோடு வீடும் போன காலம் அது. அப்போது சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நூறு வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு, எல்லாரும் சேர்ந்தால் தோட்டத்தையே வாங்கலாம் என்றார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள்.

விற்பனைக்காரர்களுக்கு நான் இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம், சம்பந்தன் செய்ததும் ஒரு விற்பனைதான். நாள் கூலிக்காரரிடம் போய் மாதம் பத்து வெள்ளி கேட்பது லேசான விற்பனையா? கங்காணியைப் போலவே அவரும் நம்பிக்கையை வைத்துத்தான் கேட்டார். ஆனால் அந்தப் பத்து வெள்ளி கொடுத்தவர் பெயரிலேயே பங்காக நின்றது. கூட்டுறவு என்றால் சண்டை இருக்கும், தேர்தல் இருக்கும், ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கணக்குக் கேட்டுக் கத்துவார். அந்தக் கத்தலுக்கு அங்கே இடம் உண்டு. கங்காணியிடம் யார் கணக்குக் கேட்டார்கள்?

இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய குழுக்களுக்கு வருவோம்.

லிங்க்ட்இன் 2003-இல் வந்தது. 2016-இல் மைக்ரோசாப்ட் அதை 26.2 பில்லியன் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. நம்மிடம் காசு வாங்காத தளத்துக்கு ஏன் அவ்வளவு விலை? ஆள் தேடும் நிறுவனங்களும் விளம்பரம் போடுபவர்களும் கொடுக்கும் காசுக்காக. ஆகவே அதை அதற்கேற்பப் பயன்படுத்துங்கள். நாளைக்கு வேலை மாற நினைப்பவர், நிறுவனங்களுக்கு விற்பவர், உரமும் இயந்திரமும் மருத்துவக் கருவியும் விற்பவர் அங்கே இருக்கத்தான் வேண்டும். ஆர்டர் கொடுக்கும் மேலாளர் அங்கேதான் இருக்கிறார். ஆனால் மனம் விட்டுப் பேசும் இடம் அது ஆகாது. உங்கள் முதலாளியும் படிக்கிறார். அங்கே எல்லாரும் எப்போதும் ஜெயித்துக்கொண்டே இருக்கிறார்கள், பார்த்தால் நமக்குத்தான் காய்ச்சல் வரும்.

பி.என்.ஐ. என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1985-இல் அமெரிக்காவில் ஐவன் மைஸ்னர் தொடங்கியது, மலேசியாவிலும் நடக்கிறது. உறுப்பினர்கள் வாராவாரம் கூடி ஒருவருக்கொருவர் வாடிக்கையாளரைப் பரிந்துரைப்பார்கள். கோவிட் காலத்தில் கூட்டங்கள் ஜூமுக்குப் போயின. உறுப்பினர் கட்டணம் உண்டு, அது வெளிப்படையாகவே இருக்கிறது. அதன் விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று: ஒரு கிளையில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான். ஒரு காப்புறுதிக்காரர், ஒரு வீடு விற்பவர், ஒரு அச்சகக்காரர். போட்டியாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வாடிக்கையாளர் பெயரை யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள் என்பது அவர்கள் கணக்கு.

எம்.டி.ஆர்.டி. இதற்கு நேர் எதிர். காப்புறுதி முகவர்களின் பெயர் அட்டையில் அந்த நாலு எழுத்தைப் பார்த்திருப்பீர்கள். 1927-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 32 ஆயுள் காப்புறுதி விற்பனையாளர்கள் கூடித் தொடங்கியது. வெவ்வேறு கம்பெனிக்காரர்கள், ஒரே பொருளை விற்பவர்கள், எப்படி விற்கிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இன்றும் குறிப்பிட்ட அளவு விற்பனையை எட்டியவர்தான் உள்ளே போகலாம், ஆண்டுக்கு ஆண்டு தகுதியைக் காட்ட வேண்டும்.

ஒரே துறைக்காரர்கள் கூடினால் தொழில் வளரும், பல துறைக்காரர்கள் கூடினால் வாடிக்கையாளர் வருவார். இரண்டையும் ஒரே குழுவில் எதிர்பார்ப்பவர்கள்தான் ஏமாந்து போகிறார்கள். உங்களுக்கு இப்போது எது பற்றாக்குறை என்று முதலில் முடிவு செய்யுங்கள். இன்னும் தயாரிப்பையே சரியாக விளக்கத் தெரியாதவர் வாடிக்கையாளர் பெயர் தரும் குழுவில் சேர்ந்தால், வந்த பெயரையும் கெடுத்துக்கொள்வார், கொடுத்தவரையும் சங்கடப்படுத்துவார். என்னைக் கேட்டால் முதல் இரண்டு ஆண்டுக்கு ஒரே துறைக் குழுதான். போட்டியாளர் கற்றுத் தருவாரா என்று சந்தேகம் இருந்தால் ஈப்போவில் புந்தோங் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். கச்சான் பூத்தே விற்கும் குடும்பங்கள் அங்கே பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஒரே முறுக்கு, ஒரே கடலை. அந்தத் தலைமுறைகள் அடுத்த வீட்டுக்காரரை விரட்டிவிட்டுப் பிழைக்கவில்லை, ஊர் முழுக்கச் சைக்கிளில் கொண்டுபோய் விற்றுப் பிழைத்தார்கள். இன்று ஈப்போவுக்கு வருகிறவர்கள் அந்தக் கச்சானைத் தேடிப் போகிறார்கள் என்றால், எல்லாரும் ஓரிடத்தில் இருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

வீடு விற்பவர்கள் ஒன்றைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும். சொத்து விற்பனைப் பேச்சாளர் என்றால் வாரியத்தில் பதிவு செய்து, எண்ணும் படமும் போட்ட சிவப்பு அட்டை அணிந்திருக்க வேண்டும். “அட்டை அப்புறம் எடுத்துக்கலாம், முதல்ல ஆள் புடி” என்று சொல்லும் குழுவில் ஒரு நிமிடமும் இருக்க வேண்டாம். நாளைக்குப் பிரச்சினை என்றால் பெயர் கெடுவது ஆளைப் பிடித்துக் கொடுத்த உங்களுக்குத்தான்.

அமெரிக்கக் குழுக்களையும் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். ரெடிட்டில் விற்பனைக்காரர்களுக்கென்று ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. பெயரை மறைத்து எழுதுவதால் சம்பளத்தையும் தோல்வியையும் பச்சையாகப் பேசுகிறார்கள், அதற்காகவே படிக்கலாம். ஆனால் அங்கே பலர் மென்பொருளை நிறுவனங்களுக்கு விற்பவர்கள், அடிப்படைச் சம்பளம் உள்ளவர்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேரைக் கூப்பிடு என்று அவர்கள் சொல்வதைச் சீனப் புத்தாண்டு வாரத்தில் ஈப்போவில் செய்து பார்த்தால் வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

தமிழ்க் குழு மட்டும் போதுமா என்றும் கேட்கிறார்கள். பேராவில் இந்தியர் பத்தில் ஒருவருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். தமிழர் மட்டும் இருக்கும் குழு, தமிழருக்கு விற்கத்தான் சொல்லித் தரும். கேண்டனீஸ் பேசும் கடைக்காரரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்பதை அந்தக் கடைத்தெருவிலேயே சுற்றும் சீன, மலாய் விற்பனைக்காரர்தான் சொல்ல முடியும். அதே நேரம், மனம் உடைந்த இரவில் “இந்த மாசம் ஒண்ணுமே போகல” என்று தாய்மொழியில் எழுத ஓரிடம் வேண்டும். ஆகவே இரண்டு இருக்கட்டும், பத்து வேண்டாம். கம்பெனி நடத்தும் குழுவை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அது வேலையின் ஒரு பகுதி, அங்கே உத்தரவு வரும்.

சரி, ஒரு குழு கண்ணில் பட்டுவிட்டது. சேர்ந்ததும் வணக்கம் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். போன முப்பது நாள் பதிவுகளை மேலே தள்ளிப் படியுங்கள். காசோலைப் படம், புதுக் கார்ச் சாவி, பாலித் தீவுக் கடற்கரை, ‘காலை வணக்கம் சாம்பியன்ஸ்’ எத்தனை? கேள்வி எத்தனை? கேள்விக்கு வந்த பதில் எத்தனை? யாராவது ஒருவர் “ஒரு விற்பனை கைநழுவிப் போச்சு” என்று எழுதியிருக்கிறாரா? எழுதியவருக்கு என்ன கிடைத்தது? “நெகட்டிவா பேசாதீங்க” என்று வாயை அடைத்திருந்தால் வெளியே வந்துவிடுங்கள். தோல்வியைப் பேச முடியாத இடத்தில் தொழில் கற்க முடியாது.

பிறகு நீங்களே ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். நான் சொல்லித் தரும் கேள்வி இது: “கம்பெனி எனக்கு சிபி58 கொடுத்திருக்கு, வருமான வரிக்கு பாரம் பிஇ-யா, பி-யா?” முகவர்களுக்கும் விநியோகிப்பாளர்களுக்கும் ஆண்டில் 5,000 வெள்ளிக்கு மேல் கமிஷனோ ஊக்கத்தொகையோ கொடுத்தால் நிறுவனம் தர வேண்டிய கடிதம் சிபி58. கமிஷன் மட்டுமே வாங்கும் முகவரின் வருமானம் வியாபார வருமானம், அதற்குப் பாரம் பி. வாடிக்கையாளரைப் பார்க்க ஓடிய பெட்ரோல் செலவைக் கழித்துக் காட்டலாம், ரசீது இருந்தால். நல்ல குழுவில் பத்து நிமிடத்தில் யாராவது இதைச் சொல்வார், இன்னொருவர் ரசீதை எப்படிச் சேர்த்து வைப்பது என்று படம் போடுவார், மூன்றாமவர் சேமநிதியைப் பற்றி எடுத்துவிடுவார். முகவர் ஊழியர் இல்லை, அதனால் முதலாளி பங்கு கிடையாது. சொந்தமாகப் போடுவதற்கு ஐ-சாரான் திட்டம் இருக்கிறது, போட்டால் அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கும். இதை இருபத்து மூன்று வயதில் தெரிந்துகொள்வதற்கும் நாற்பதில் தெரிந்துகொள்வதற்கும் வித்தியாசம் பெரிது. மாறாக, “முதல்ல சம்பாதி பிரதர், அப்புறம் வரியப் பத்தி யோசி” என்று பதில் வந்தால், பதில் கிடைத்துவிட்டது.

வாடிக்கையாளரின் அடையாள அட்டைப் படத்தைக் குழுவில் போட்டு, “இவருக்குக் கடன் கிடைக்குமா?” என்று கேட்கிறார்கள். சர்வ சாதாரணமாக நடக்கிறது. பெயர், எண், சம்பளச் சீட்டு எல்லாம் நானூறு பேர் கையில். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று ஒன்று இருக்கிறது, 2013 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தப் பத்திரங்களை உங்களை நம்பித்தானே கொடுத்தார்? இப்படிப் போட்டவரை நிர்வாகி கண்டித்து நீக்கியிருந்தால் அது நல்ல குழு. எல்லாரும் சேர்ந்து விவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால், நாளைக்கு உங்கள் விவரமும் அப்படித்தான் போகும்.

காசு கட்டிச் சேரும் பயிற்சிக் குழுக்கள் பற்றிச் சுருக்கமாக. கட்டணம் வாங்குவது குற்றமில்லை, சொல்லப்போனால் யார் காசு கொடுக்கிறார் என்பது அங்கே தெளிவு. ஆனால் சொல்லிக் கொடுப்பவர் கடைசியாக எப்போது விற்றார், என்ன விற்றார் என்று கேளுங்கள். சிலர் விற்பது பயிற்சியை மட்டும்தான். நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருப்பவர் என்றால், உங்கள் முதலாளி மனிதவள மேம்பாட்டுக் கழகத்துக்குக் கட்டும் வரியிலிருந்து பயிற்சிச் செலவை எடுக்க முடியுமா என்று முதலில் அலுவலகத்தில் விசாரித்துவிட்டு, பிறகு சொந்தப் பையில் கை வையுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, “இப்படி ஒரு குழு எங்கே அக்கா இருக்கு?” என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். இல்லை என்றால் நீங்களே தொடங்குங்கள். எட்டு பேர் போதும். ஒரே துறை, வெவ்வேறு கம்பெனி. யாரும் யாருக்கும் அப்லைன் இல்லை. சுவரொட்டிப் படம் போடக் கூடாது, வாடிக்கையாளர் பெயர் வரக் கூடாது, விலகுகிறவரிடம் ஏன் என்று கேட்கக் கூடாது. நிர்வாகி ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறட்டும். நாள் முழுக்க எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், வாரத்தில் ஒரு நாள், ஒன்பதிலிருந்து பத்து மணி வரை எல்லாரும் இருந்தால் சரி. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நேரில் பாருங்கள். லகாட் சாலைப் பக்கம் தேநீர்க் கடைக்கா பஞ்சம்? முதல் சந்திப்புக்கு வருகிறவர் ஆளுக்கு இரண்டு கொண்டுவர வேண்டும் என்று வையுங்கள்: போன மாதக் கமிஷன் கணக்குத் தாள் ஒன்று, நடக்காமல் போன ஒரு விற்பனையின் கதை ஒன்று. கதையை முதலில் சொல்லுங்கள், தாளை அப்புறம் எடுக்கலாம்.